ஏழாவது இடத்திலிருந்து டிராஃப்ட்: முதல் சுற்றில் பிட்சர் வேண்டாம்

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்கள் நடத்தும் ஃபேன்டஸி பேஸ்பால் லீகில் இந்த வருடம் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். 12 அணிகள், அணிக்கு 23 வீரர்கள், ரோட்டோ முறை, வீரர்களை முறைவைத்து எடுக்கும் ஸ்நேக் டிராஃப்ட். எனக்கு 7வது இடம் விழுந்திருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் பல வருடமாக ஆடுகிறவர்கள். முதல் சுற்றிலேயே பால் ஸ்கீன்ஸ் மாதிரி ஒரு பெரிய பிட்சரை (பந்து எறிபவரை) எடுத்துவிடலாமா? தெரிந்த ஒருவர் 75 டாலருக்கு 'ஜெயிக்கிற பட்டியல்' தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். பிட்சர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

ரோட்டோ முறையில் வழக்கமாக, உங்கள் வீரர்களின் நிஜ ஆட்டக் கணக்கைக் கூட்டி, பத்துப் பிரிவுகளில் போட்டி நடக்கும். பேட்டிங்கில் ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்), ஸ்டோலன் பேஸ் (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது), சராசரி. பிட்சிங்கில் வெற்றி, சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பது), ஸ்ட்ரைக்அவுட், இஆர்ஏ, விப். கடைசி இரண்டும் பிட்சர் எத்தனை ரன் கொடுக்கிறார், எத்தனை பேரை பேஸுக்கு விடுகிறார் என்பதன் சராசரி, குறைவாக இருந்தால் நல்லது என்று மட்டும் புரிந்தால் போதும். ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. எல்லாவற்றிலும் மூன்றாவதாக வந்தாலே 100 புள்ளி சேர்ந்துவிடும். 100 எடுத்தவரை முந்துவது மிகவும் கடினம். ஆகவே ஏதோ ஒன்றில் கொடி நாட்டுவதைவிட, எதிலும் அடியில் கிடக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

நல்ல பேட்டர் ஒருவர் ஐந்து பிரிவுகளிலும் தினமும் ஏதாவது கொண்டுவந்து சேர்ப்பார். தொடக்கப் பிட்சர் ஐந்தாறு நாளைக்கு ஒருமுறைதான் களமிறங்குவார், சேவ் பிரிவில் அவரால் ஒன்றும் கிடைக்காது. வெற்றிக்கோ தன் அணியின் பேட்டர்களை நம்பியிருக்க வேண்டும். நீங்கள் சொன்ன ஸ்கீன்ஸையே பாருங்கள். 2025இல் இஆர்ஏ 1.97, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்குத்தான். ஆனால் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. 2018இல் ஜேக்கப் டெக்ரோம் 1.70 வைத்திருந்தார், வெற்றி அவருக்கும் பத்துதான்.

அப்புறம் முழங்கை. ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2023இல் 281 ஸ்ட்ரைக்அவுட், 20 வெற்றி எடுத்தார். அடுத்த வருடம் அவரை முன்னாலேயே எடுத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டே ஆட்டம், பிறகு அறுவை சிகிச்சை. இன்னொரு பெரிய பிட்சர் கெரிட் கோலுக்கு 2025 மார்ச்சில் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது, அந்த சீசன் முழுவதும் போயிற்று. முதல் சுற்று வீரரை இப்படி இழந்தால், வெளியே மிச்சமிருக்கும் வீரர்களில் அதற்கு ஈடு கிடையாது.

ஸ்நேக் முறையில் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் திரும்பும். உங்கள் முறை 7, 18, 31, 42 என்று வரும். 7, 18 இரண்டிலும் ஹோம் ரன்னும் அடித்து பேஸும் திருடும் பேட்டர்களை எடுங்கள். 31இல் பிட்சரைப் பார்க்கலாம். அதற்கு முன்னால் உங்களுக்குப் பிடித்த பிட்சர்கள் எல்லாரும் போய்விட்டால் பதற வேண்டாம், 42 வரை பொறுங்கள். 18க்கும் 31க்கும் நடுவில் 12 பேர் கைமாறுவார்கள். அதனால் 'இவர் அடுத்த முறைக்கும் இருப்பாரா?' என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் கிரிக்கெட் ஃபேன்டஸி ஆடியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அங்கே ஒரே வீரரை எல்லாரும் எடுக்கலாம். இங்கே ஒருவர் எடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

இனி அந்த 75 டாலர். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். புதியவரின் பயத்தைக் காசாக்குகிற ஆட்கள் ஒவ்வொரு மார்ச்சிலும் கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் லீகில் எத்தனை அணி, கேட்சர் ஒருவரா இருவரா, ஆடும் வீரர்களின் வரிசையைத் தினமும் மாற்றலாமா வாரத்துக்கு ஒருமுறையா என்று ஒரு வார்த்தை கேட்காமல் பட்டியல் விற்கிறார்கள். இது எதுவும் தெரியாமல் எழுதிய பட்டியல் உங்கள் லீகுக்குப் பொருந்தாது. போன வருடத்துப் பட்டியலில் நாலு பெயரை மாற்றி விற்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 'ஸ்டோலன் பேஸ் கிடைப்பதே அரிது, வேகமான ஆளை முன்னாலேயே எடு' என்று எழுதியிருந்தால் அது பழைய சரக்கு. 2023இல் பேஸின் அளவைப் பெரிதாக்கினார்கள், பிட்சர் பேஸை நோக்கிப் பந்தை எறிந்து ஓட்டக்காரரை மிரட்டுவதற்கும் வரம்பு வைத்தார்கள். 2022இல் 2,486 ஆக இருந்த திருட்டு, ஒரே வருடத்தில் 3,503 ஆயிற்று. வேகம் மட்டுமே உள்ள ஆளுக்கு ஆரம்பச் சுற்றைச் செலவழிக்க இப்போது அவசியம் இல்லை.

டிராஃப்ட் நடக்கும் ஆப் காட்டும் தரவரிசையையும் அப்படியே நம்பாதீர்கள். கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனங்கள் பலவும், அவரவர் லீக் விதிக்கு ஏற்ப வரிசையை மாற்றிக் காட்ட இன்னும் மெனக்கெடுவதில்லை. உங்கள் முறைக்கான நேரம் தீர்ந்தால் ஆப்பே அந்த வரிசையிலிருந்து ஒருவரை உங்கள் தலையில் கட்டிவிடும். சராசரியாக எந்த வீரர் எத்தனையாவதாகப் போகிறார் என்ற ஏடிபி கணக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அதை வைத்து 150 பெயரை நீங்களே எழுதுங்கள், இரண்டு மாலை போதும். நாலைந்து மாதிரி டிராஃப்டும் ஆடிப் பாருங்கள்.

பிட்சரை முதலில் எடுக்காதே என்றேன். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, பேட்டிங்கும் பிட்சிங்கும் செய்யும் ஷோஹெய் ஒஹ்தானி. 2024இல் 54 ஹோம் ரன், 59 ஸ்டோலன் பேஸ். அந்த வருடம் பிட்சிங் செய்யவில்லை, 2025 ஜூனில் மறுபடி தொடங்கினார். சில தளங்கள் இவரை இரண்டு தனி வீரர்களாகப் பிரிக்கின்றன. அப்படியானால் பேட்டர் ஒஹ்தானி ஓர் அணியிலும் பிட்சர் ஒஹ்தானி வேறோர் அணியிலும் இருக்கலாம். நீங்கள் எடுப்பது எந்த ஒஹ்தானி என்று பெயர்ப் பட்டியலிலேயே பார்த்துவிடுங்கள், அவசரத்தில் பிட்சரை அழுத்திவிட்டுப் புலம்பியவர்கள் உண்டு. வேறு சில தளங்களில் அவர் ஒரே ஆள். அங்கே அவரை எந்த இடத்தில் நிறுத்துகிறீர்களோ அந்தக் கணக்கு மட்டுமே உங்களுக்கு வரும். தினமும் வரிசை மாற்றலாம் என்றால் பிட்சிங் நாளில் அங்கே நகர்த்தலாம். வாரத்துக்கு ஒருமுறைதான் என்றால் அந்த வாரம் மட்டையா பந்தா என்று திங்கட்கிழமையே முடிவு செய்ய வேண்டும், அப்போது மட்டைதான் சரி. இன்னொன்று, அவர் ஃபீல்டிங் செய்யாத பேட்டர் என்பதால் பொதுவாக யுடில் இடத்தில் (எந்த பேட்டரையும் வைக்கக்கூடிய இடம்) மட்டும்தான் நிற்க முடியும். அந்த இடம் சீசன் முழுக்க அடைபட்டுவிடும். ஏழாவது இடம் வரை அவர் வருவது சந்தேகம்தான். ஆனாலும் லீக் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தலைவர்கள் இதை எழுதி வைப்பதே இல்லை, பிறகு மே மாதத்தில் சண்டை.

சேவ் எடுக்கும் குளோசர்களை நடுச் சுற்றுகளில் இருவர் எடுத்தால் போதும், அந்த வேலை அடிக்கடி கைமாறும். கொலராடோ ராக்கீஸ் பிட்சர்களைத் தொடாதீர்கள். அவர்களின் சொந்த மைதானம் இருக்கும் டென்வர் உயரத்தில் பந்து பறக்கும்.

டிராஃப்ட் தேதியை சீசன் தொடக்கத்துக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்கச் சொல்லுங்கள். 2023 மார்ச் 15 அன்று உலக பேஸ்பால் கிளாசிக்கில் ஓர் ஆட்டத்தை வென்ற மகிழ்ச்சியில் குதித்துக் கொண்டாடிய எட்வின் டியாஸ் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார், சீசனே போயிற்று. அதற்கு முன்பே டிராஃப்டை முடித்திருந்தவர்கள் ஒரு முதல்தரக் குளோசரை அப்படியே இழந்தார்கள்.

கடைசியாக, நுழைவுப் பணம். வருடங்களுக்கு முன் நான் ஆடிய ஒரு லீகில் 12 பேர் பணத்தையும் ஒருவர் தன் கணக்கில் வைத்திருந்தார். செப்டம்பர் முடிந்ததும் போனை எடுக்கவே இல்லை. ஜெயித்தவருக்கு இன்றுவரை ஒரு டாலர் வரவில்லை. உங்கள் லீகில் பணம் யார் கையில் இருக்கும், பரிசு எந்தத் தேதியில் வரும், நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும் என்ற மூன்றையும் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள்.