வென்றபோது என்ன கிடைத்தது?

கேள்வி: சிலுவைப் போர்களில் ஐரோப்பியர்கள் வென்றிருந்தால், இன்று மத்தியக் கிழக்கில் கிறிஸ்தவர்கள் இவ்வளவு சுருங்கிப் போயிருக்க மாட்டார்கள்தானே?

பதில்: வென்றார்களே! 1099இல் ஜெருசலேமைப் பிடித்து 88 ஆண்டுகள் வைத்திருந்தார்கள். அப்போது உள்ளூர்க் கிறிஸ்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இயேசுவின் கல்லறை இருந்த இடமாகக் கருதப்படும் ஜெருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தில் தலைமுறை தலைமுறையாக வழிபாடு நடத்திய கிரேக்க, ஆர்மீனிய, சிரியக் குருக்களை முதல் வேலையாக வெளியேற்றினார்கள். 1101 ஈஸ்டரின்போது, கடவுள் அருளால் தானாகவே எரியும் என்று நம்பப்பட்ட புனித நெருப்பு எரியாமல் போனதும்தான் பயந்துபோய் அவர்களை மறுபடி உள்ளே விட்டார்கள். தலைமைப் பதவி மட்டும் கடைசிவரை லத்தீன்காரர்களிடமே, அதாவது ரோமைப் பின்பற்றிய மேற்கு ஐரோப்பியர்களிடமே, இருந்தது. சிலுவைப் படை 1098இல் பிடித்த அந்தியோக்கியா நகரத்திலும் அதே கதைதான். முற்றுகை நடந்தபோது அங்கிருந்த கிரேக்கத் திருச்சபைத் தலைவர் ஜானைத் துருக்கியர்கள் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டு வதைத்தார்கள். அவ்வளவு பட்ட மனிதர், நகரம் 'விடுதலை' ஆன இரண்டே ஆண்டில் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர் இடத்தில் ஒரு லத்தீன் பேராயர் உட்கார்ந்தார்.

இன்றைய துருக்கியில் இருக்கும் எடெசா நகரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. அந்நகரை ஆண்ட ஆர்மீனியக் கிறிஸ்தவர் தோரோஸ், 1098இல் சிலுவைப் படைத் தலைவர்களில் ஒருவரான பால்ட்வினைத் தத்துப்பிள்ளையாகவே ஏற்றார். சில வாரங்களில் தோரோஸைக் கலகக் கூட்டம் கொன்றது. நகரம் பால்ட்வின் கைக்குப் போனது. 1144இல் முஸ்லிம் ஆட்சியாளர் ஜெங்கி அதைப் பிடித்தபோது ஃபிராங்குகளை, அதாவது மேற்கு ஐரோப்பியர்களை, கொன்றாலும், உள்ளூர்க் கிறிஸ்தவர்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, நகரை மீட்கிறேன் என்று, அதை இழந்திருந்த ஃபிராங்கு ஆட்சியாளர் ஜோசலின் உள்ளே புகுந்தார். ஆர்மீனியர்கள் அவரை நம்பினார்கள். ஜெங்கியின் மகன் நூருத்தீனின் படை வந்தது. ஜோசலின் தப்பிவிட்டார். ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அந்தப் பழம்பெரும் கிறிஸ்தவ நகரம் அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

லெபனானின் மரோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை விதிவிலக்காகச் சொல்லலாம். ரோமின் கத்தோலிக்கத் திருச்சபையுடன் அன்று ஏற்பட்ட உறவு இன்றுவரை அவர்களுக்கு நீடிக்கிறது.

சரி, இன்றைய சுருக்கத்துக்கு சிலுவைப் போர் மட்டுமா காரணம்? இல்லை. 1915இல் ஆர்மீனியர்களுக்கும் சிரியக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த படுகொலைகளை எந்தக் கணக்கிலிருந்தும் தள்ள முடியாது. ஆனால், 'இவர்கள் எதிரியின் ஆட்கள்' என்ற சந்தேகம் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் மேல் ஆழமாகப் படிந்தது சிலுவைப் போர்க் காலத்தில்தான். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களையே பாருங்கள். 1365இல் சைப்ரஸ் மன்னர் பீட்டரின் சிலுவைப் படை எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சூறையாடியது. முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்காமல் கொள்ளையடித்தது. சில நாட்களில் கப்பலேறிப் போய்விட்டது. அந்த இழப்பை ஈடுகட்ட, எகிப்தை அப்போது ஆண்ட மம்லூக் அரசு கைவைத்தது, படையெடுப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் சொத்தில்.