விறாந்தையில் தொங்கும் பன்னச் செடியின் (fern) இலை நுனி ஏன் கருகுகிறது?

தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றாதீர்கள். முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. தண்ணீர் கடினமானது, கரையோரமென்றால் உவரும் சேரும். அந்த உப்பு சாடி மண்ணில் தேங்கி நுனியைக் கருக்கும். சாடி விளிம்பில் வெள்ளைப் படை தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். கொதிக்க வைத்து ஆற்றினாலும் உவர் போகாது. மழைநீரைச் சாடியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி, அடித்துளையால் வடிய விடுங்கள். ஒரு மாதம் உரம் வேண்டாம்.

படை இல்லை, சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது மட்டும் கருகுகிறதா? சரி, அது வறண்ட காற்றின் வேலை. காற்றுப் படாத கிணற்றடி நிழலுக்கு மாற்றுங்கள்.

கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, வெட்டிவிடலாம். தேறியதா என்பதைப் புதுக்குருத்து சொல்லும்.