புச்சா தெருவின் தேதி

கேள்வி: போர் என்றால் இரு தரப்புமே பொய் சொல்லும். வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்ததாகச் சொல்பவர்களை மட்டும் எதற்காக நம்ப வேண்டும்?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: உங்கள் முதல் வாக்கியம் சரி, அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த இடம் தவறு. அவர்கள் சொல்வதை நம்பவே வேண்டாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உக்ரைன் தலைநகர் கீவை ஒட்டிய புச்சாவில், யப்லுன்ஸ்கா தெரு நெடுகப் பொதுமக்களின் சடலங்கள் கிடக்கும் காணொளிகள் 2022 ஏப்ரல் தொடக்கத்தில் வெளிவந்தன. தன் படைகள் மார்ச் 30-ஆம் தேதியே ஊரைவிட்டுப் போய்விட்டன, இதெல்லாம் பிறகு அரங்கேற்றிய நாடகம் என்றது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம். மாக்ஸார் என்ற தனியார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் மார்ச் 19-ஆம் தேதி எடுத்த படத்தை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அந்தக் காணொளியோடு பொருத்திப் பார்த்தபோது, எந்தெந்த இடத்தில் சடலங்கள் கிடந்தனவோ, அந்தந்த இடத்தில் மனித உடலின் அளவுள்ள கரிய உருவங்கள் அன்றே தெரிந்தன. அன்று புச்சா ரஷ்யப் படையின் கையில் இருந்தது. தெருவின் வளைவையும் உடல்களின் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கோ எனக்கோ யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இந்தச் சரிபார்ப்பு முறை உக்ரைனையும் விட்டுவைக்கவில்லை. 'கீவின் பேய்' என்ற போர்விமானியின் சாகசமாகப் பரவிய காட்சி ஒரு கணினி விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பது விரைவில் அம்பலமானது; அவர் ஒரு கற்பனை நாயகர்தான் என்று உக்ரைன் விமானப்படையே பின்னர் ஒப்புக்கொண்டது.

2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகப் பேசியபோது, அவருடைய முக்கியச் சாட்சிகள் யார் என்பதையே மற்ற நாடுகளில் பெரும்பாலானவை அறிய வழியில்லை. அந்த ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. வெளிப்படையான ஆதாரத்தின் அருமை எனக்கு அங்கேதான் புரிகிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு: உடல் எந்த நாளில் எங்கே கிடந்தது என்று படம் சொல்லும், சுடச் சொன்னவர் யார் என்று சொல்லாது. அதற்கு விசாரணை வேண்டும்.

2022 ஏப்ரல் 5 அன்று பாதுகாப்பு அவையில் இந்தியாவின் பிரதிநிதி டி.எஸ்.திருமூர்த்தி புச்சா கொலைகளைக் கண்டித்து, சுதந்திரமான விசாரணைக்கு ஆதரவு தெரிவித்தார். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டவில்லை. கொன்றது யார் என்பதில் அந்த நிதானம் எனக்கு உடன்பாடே. ஆனால், உடல்கள் அங்கே எப்போதிருந்து கிடந்தன என்ற கேள்விக்கு விடை அதற்குள் எல்லோர் கண்முன்னும் இருந்தது. அதையாவது நாம் அந்த அவையில் சொல்லியிருக்க வேண்டும்.