பதினாறு வயதில் குடும்பம் கிடைக்குமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: பெற்றோரோடு இருக்க முடியாத குழந்தையைக் கொஞ்ச காலம் வளர்க்கும் ஃபாஸ்டர் குடும்பத்தில் அது நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு நிரந்தரக் குடும்பம்?

நன்றாக இருக்கலாம், ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. நாளைக்கே வேறு வீடு என்று முடிவானால் பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். முதலில் பெற்ற வீட்டுக்குத் திரும்ப வழி உண்டா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை ஃபாஸ்டர் பராமரிப்பில் இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்கச் சொல்லி அரசே நீதிமன்றம் போக வேண்டும். காலக்கெடு நல்லதுதான், ஆனால் உரிமையை நீக்கிய பிறகு வேறு குடும்பம் அமையாவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி யாருமே இல்லை.

கேள்வி: பையனுக்கு 16 வயது. "எனக்கு எந்தக் குடும்பமும் வேண்டாம்" என்கிறான். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பல வீடு மாறிய பிள்ளை, அடுத்தவர்கள் தன்னை வேண்டாம் என்பதற்குள் தானே சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். "தத்துக்குச் சம்மதமா" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். ராத்திரி உடம்பு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவாய், வேலை கிடைத்தால் முதலில் யாரிடம் சொல்வாய் என்று கேளுங்கள், பெயர்கள் வரும். அப்புறம் அவனைப் பற்றிய பழைய கோப்பை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்: அத்தை, பழைய டீச்சர், ஒரு காலத்தில் வைத்திருந்த வளர்ப்பு அம்மா என்று யாராவது அதில் இருப்பார்கள். பத்து வருஷம் முன்னால் முடியாது என்றவர் இன்றைக்கும் அப்படியேவா சொல்வார்? போரில் பிரிந்த குடும்பங்களைச் செஞ்சிலுவைச் சங்கம் தேடிய முறையைப் பார்த்துத்தான் கெவின் கேம்ப்பெல் என்ற அமெரிக்கர் இந்தத் தேடலை ஒரு முறையாக்கினார். அதே நாட்டில், ஒரு பணியாளர் சில பிள்ளைகளுக்காக மட்டும் வீடு தேடும் 'வெண்டிஸ் வொண்டர்ஃபுல் கிட்ஸ்' திட்டத்தைப் பற்றி 2011இல் வந்த ஆய்வில், வயது கூடிய பிள்ளைகளுக்குத் தத்து அமையும் வாய்ப்பு மூன்று மடங்கு வரை கூடியிருந்தது. ஒரே பணியாளர் தலையில் ஐம்பது பிள்ளைகளின் கோப்பைக் கட்டினால் இதெல்லாம் நடக்காது.

கேள்வி: பேரனைப் பாட்டி வைத்துக்கொள்கிறார், ஆனால் தன் மகளின் உரிமையை அறுத்துத் தத்தெடுக்க மனமில்லை.

வேண்டியதில்லை. பாதுகாவலர் பொறுப்பு போதும். இங்கிலாந்தில் 2005 கடைசியிலிருந்து 'ஸ்பெஷல் கார்டியன்ஷிப்' இருக்கிறது, தாயின் சட்ட உறவு அறுவதில்லை, அன்றாட முடிவுகள் பாட்டி கையில். பணஉதவி உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான்கு உடன்பிறப்புகள். ஒரே வீடு கிடைக்கவில்லை, பிரிக்கலாமா?

சேர்ந்திருப்பதால் ஆபத்து என்றால் தவிர, சுலபத்தில் பிரிக்காதீர்கள். பெற்றோர் பராமரிப்பு இல்லாத பிள்ளைகளைப் பற்றிய ஐநாவின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. வேறு வழியே இல்லையென்றால் சந்திப்பு நாட்களை எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு நிற்காது.

கேள்வி: குழந்தையின் பழைய கதையை முழுக்கச் சொன்னால் வரும் குடும்பமும் ஓடிவிடாதா?

ஓடட்டும், குழந்தை வந்த பிறகு ஓடுவதைவிட இது மேல். மருந்து, பட்ட கொடுமை, எத்தனை வீடு மாறியது, எதற்குப் பயப்படும் எல்லாம் சொல்லுங்கள். குடும்பம் தேடி எல்லாரும் பார்க்கும்படி போட்டோவோடு போடும் அறிமுகத்தில் மட்டும் இவை கூடாது. அங்கே என்ன பிடிக்கும், எதில் கெட்டிக்காரி என்பது போதும், அதையும் அவளே படித்துச் சரி என்ற பிறகு போடுங்கள்.