டேனிஷ் ஸ்மோர்ப்ரோ (ரை என்ற தானியத்தில் சுட்ட கறுப்புப் பாண் துண்டில் வெண்ணெய் பூசி, மேலே மீன், இறைச்சி என்று அடுக்குவது) வைத்து எட்டுப் பேருக்கு வீட்டில் இரவு விருந்து கொடுக்கலாமா? எப்படித் திட்டமிடுவது?

தாராளமாகக் கொடுக்கலாம். வருபவர்களில் பாதிப் பேராவது டேனிஷ்காரராக இருப்பார்கள், அதுதான் உங்கள் பயம் என்று நினைக்கிறேன். நான் டென்மார்க்கில் வளர்ந்தவள், மணம் முடித்ததும் டேனிஷ் குடும்பத்தில். “பாணுக்கு மேலே எதையாவது அடுக்கினால் அது ஒரு விருந்தா?” என்று சொந்தக்காரர் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்த நீளப் பதில்.

இங்கே இது மத்தியானச் சாப்பாடு. இரவென்றால் சூடாக ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அதனால் அழைக்கும்போதே ஸ்மோர்ப்ரோதான் என்று சொல்லிவிடுங்கள்.

மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நானே செய்கிறேன் என்றேன். கடையில் சொல்லி எடுப்போம் என்றார் மாமியார். நான் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கட்டி அலங்கரித்து வைக்காமல், சாமான்களை மேசையில் பரப்பி, அவரவரே போட்டுக்கொள்ள விட்டேன். ஆனால் வரிசையில் மட்டும் கண்டிப்பு. முதலில் ஹெரிங் மீன்: வினிகரில் ஊறியது ஒன்று, கறித்தூள் போட்ட மஞ்சள் சோஸில் ஒன்று, பக்கத்தில் அவித்த முட்டையும் வெங்காய வளையமும். கூடவே குளிரக் குளிர ஸ்னாப்ஸ் என்ற கடும் மதுபானம். குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அது முடிந்ததும் தட்டை மாற்றவேண்டும். இல்லாவிட்டால் அடுத்ததெல்லாம் ஹெரிங் வாசம்தான்.

பிறகு பொரித்த மீனும், மயோனைஸில் ஊறுகாய் கலந்த ரெமுலாட் சோஸும். இறால் கறுப்பு ரை பாணில் ஏறாது, அதற்கு வெள்ளைப் பாண். அப்புறம் இறைச்சி: மெல்லியதாக வெட்டிய ரோஸ்ட் பீஃப், மேலே மொறுமொறு வெங்காயம், ஹார்ஸ்ரடிஷ் என்ற காரமான கிழங்கின் துருவல். சூடான ஈரல் பேட்டேயும் (அரைத்து வேகவைத்த ஈரல்) ஊறுகாய் பீட்ரூட்டும். கடைசியில் சீஸ். மரக்கறிக்காரருக்கு முதல் நாளே அவித்து ஆறவைத்த உருளைக்கிழங்கு, மயோனைஸ், அரிந்த வெங்காயத்தாள். அதுதான் முதலில் தீர்ந்தது!

ஹெரிங் போத்தலில் வாங்கியதுதானே என்று யாராவது கிளம்புவார்கள். ஆமாம், போத்தல்தான். டேனிஷ் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். வெண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம், ஓரம் வரை பூசினால்தான் பாண் ஈரத்தில் ஊறாது. ஆளுக்கு மூன்று நான்கு துண்டு போதும், கத்தியும் முள்ளுக்கரண்டியும் கட்டாயம். கோபன்ஹேகன் டேவிட்சன் குடும்ப உணவகம் ஒரு காலத்தில் 178 வகை ஸ்மோர்ப்ரோ கொண்ட பட்டியலுக்குப் பேர்போனதாக இருந்தது. அதைப் பார்த்து மயங்காதீர்கள், உங்களுக்கு ஆறு வகை தாராளம்.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மிச்ச ஈரல் பேட்டேயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அது போதும்.

அந்த விருந்தில் ஒரு மனவருத்தமும் உண்டு. எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் அந்தப் பிறந்தநாளைச் செய்தோம். தரையில் பீட்ரூட் கறை என்று வைப்புப் பணத்தில் வெட்டிவிட்டார்கள். அந்தக் கறை நாங்கள் சாவி வாங்கும்போதே இருந்தது, படமும் எடுத்து வைத்திருந்தேன். அனுப்பினேன், இன்றுவரை பதில் இல்லை. மாதாமாதம் வாடகை மட்டும் ஒரு நாள் பிந்தினால் உடனே கடிதம் வரும். எட்டுப் பேர்தானே, வீட்டு மேசையிலேயே வையுங்கள்.