இயர்போன் மாட்டினால் அலறும் ஆம்ப்ளிஃபையர்

கேள்வி: மேசையில் வைக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். காதுக்குள் செருகும் இயர்போனை மாட்டி, வால்யூம் குமிழை லேசாகத் திருப்பினாலே காதைப் பிளக்கிறது. இன்னும் குறைத்தால் இடது பக்கம் மட்டும்தான் கேட்கிறது. ஒலியைக் குறைக்கும் கேபிளை வீட்டிலேயே செய்யலாம் என்கிறார் நண்பர். அது நாள்பட உழைக்குமா? வேறு ஆம்ப்ளிஃபையர் வாங்கிவிடவா?

பதில்: வேறு வாங்க வேண்டாம், உங்களுடையதில் பழுது இல்லை. சாதாரண வால்யூம் குமிழ்களில், திருப்பத் தொடங்கும் இடத்தில் இடமும் வலமும் சரியாக ஒத்துப்போகாது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது. உள்ளே வரும் சிக்னலைக் குறைத்துவிட்டால் குமிழை நடுப்பகுதி வரை திருப்பிக் கேட்கலாம், இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

முதலில் ஆம்ப்ளிஃபையரில் 'கெயின்' சுவிட்ச் (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிப்பது) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'லோ'வில் வையுங்கள், செலவே இல்லை. இல்லையென்றால், பாட்டு வரும் கருவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே மாட்டும் கேபிளைச் செய்யலாம்.

ஒரு பக்கத்துக்கு 6.8 கிலோ ஓம் ஒன்று, 3.3 கிலோ ஓம் ஒன்று என மொத்தம் நான்கு ரெசிஸ்டர் (மின்தடை). கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகையாகக் கேளுங்கள். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்து ஆர்சிஏ பிளக்குக்குள் (நடுவில் ஒரு முனை, சுற்றி உலோக வளையம் உள்ள பிளக்), சிக்னல் கம்பிக்கும் நடு முனைக்கும் இடையே 6.8; நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே 3.3. சுமார் 10 டெசிபல் குறையும். அது போதாவிட்டால் 6.8க்குப் பதில் 9.1, 3.3க்குப் பதில் 1 கிலோ ஓம் போட்டால் 20 டெசிபல் குறையும். ரெசிஸ்டரை இயர்போன் கம்பியில் போடவே போடாதீர்கள். பல இயர்போன்களில் ஒலியின் தன்மையே மாறிவிடும்.

இனி, உழைக்குமா என்ற கேள்வி. கேபிள் பெரும்பாலும் அறுந்துபோவது பிளக்கின் கழுத்தில்தான். இழுவிசை ஈயப் பற்றின் மேல் விழக் கூடாது. கேபிளின் வெளி உறையைப் பிளக்கின் உலோகப் பிடி இறுகக் கவ்வ வேண்டும். ஆகவே பணத்தைக் கம்பியில் கொட்டாமல், உள்ளே தாராளமாக இடமுள்ள உலோக உறை பிளக்கில் போடுங்கள். ரெசிஸ்டர் கால்களைக் குட்டையாக வெட்டி, தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி இறுகுவது) போட்டு, கழுத்தின் மேலும் ஒரு சுற்று போடுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம், நம் வெயிலுக்குப் பசை இளகி வழுக்கிவிடும்.

முடித்ததும் எதிலும் செருகாமல் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ஆம்ப்ளிஃபையர் முனையில் நடுவுக்கும் வளையத்துக்கும் 3.3, மறுமுனையில் 10.1 கிலோ ஓம் காட்டினால் சரி. பூஜ்ஜியம் என்றால் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எந்த முனை ஆம்ப்ளிஃபையருக்கு என்று கட்டாயம் எழுதி ஒட்டுங்கள். திருப்பி மாட்டினால் ஒலி சரியாகக் குறையாது. அப்புறம், எப்போதாவது பழைய கேபிளுக்கு மாறினால் முதலில் குமிழைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகே இயர்போனைக் காதில் வையுங்கள்.