பதின்பருவ வாசலில் நிற்கும் பிள்ளைக்கு ஓர் அறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகளுக்குப் பதினொரு வயது. ஐந்து வயதில் ஆசையாக ஒட்டிய இளஞ்சிவப்புச் சுவர்த்தாளைப் பிரித்துவிட்டு, அறை முழுவதும் கறுப்புச் சாயம் பூச வேண்டும் என்கிறாள். சம்மதிக்கலாமா?
– ஒரு தாயார், செந்தூல்

ஒரு சுவருக்குச் சம்மதியுங்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் அதற்குப் பொருத்தமானது. படுத்திருக்கும்போது அது கண்ணில் படாது. வாசலில் நின்று பார்ப்பவருக்கோ முதலில் தெரிவது அதுதான், அவளுக்கு வேண்டியதும் அதுதான். நம் மலேசிய நாட்டுக் கட்டட விதிகளின்படி வீட்டின் மூன்றாவது அறை 6.5 சதுர மீட்டர் இருந்தாலே போதும் என்பதால், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தச் சிறிய அறையே கிடைக்கிறது. அதன் நான்கு சுவர்களும் கறுத்துவிட்டால் வெளிச்சத்தை அவையே விழுங்கிவிடும், பகலிலும் விளக்கில்லாமல் புத்தகம் திறக்க முடியாது. மற்ற மூன்று சுவர்களின் நிறத்தையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், வெளிர் நிறமாக இருந்தால் போதும். கடையில் தரும் மாதிரிச் சீட்டின் விரல்நக அளவு நிறத்தை நம்பாமல், ஒரு மணிலா அட்டையில் இரண்டு பூச்சுப் பூசி, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் சுவரில் சாய்த்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவர்த்தாளைப் பிரிக்கும் வேலையில் அவசரம் வேண்டாம். ஒரு வீட்டில், மேலே பளபளவென்று இருந்த தாளின் ஓரத்தைத் தூக்கியதும், பின்பக்கமெல்லாம் மிளகுத்தூளைத் தூவியதுபோலப் பூஞ்சணம் படர்ந்திருந்ததைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் சுவரின் ஈரத்தை வெளியே விடுவதில்லை. ஈரமும் பசையும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? பழைய பசையை வெந்நீரால் முழுவதும் துடைத்தெடுத்து, பூஞ்சணம் நீக்கும் திரவத்தால் கழுவி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே அடிப்பூச்சுப் பூசுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் சாயம் பூசினால், அந்தப் புள்ளிகள் சில மாதங்களிலேயே மேலே வந்துவிடும்.

மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் 700 சதுர அடி வீட்டில் இருக்கிறோம். ஒரு அறை எங்களுக்கு, ஒன்று என் அம்மாவுக்கு. பன்னிரண்டு வயது மகளும் ஒன்பது வயது மகனும் மூன்றாவது அறையில் இருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?
– ஒரு தந்தை, கோலாலம்பூர்

பெண்பிள்ளைகளின் உடல் மாற்றம் பொதுவாக எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையே தொடங்குகிறது. உங்கள் மகளுக்கு இப்போது முதல் தேவை, யாரும் வந்துவிடுவார்களோ என்ற பதற்றமில்லாமல் உடை மாற்றிக்கொள்ள ஓர் இடம். பாட்டியும் பேத்தியும் ஒரே அறையில் இருக்க மனமொப்பினால் அதுவே சிறந்த ஏற்பாடு. ஆனால் முடிவெடுத்துவிட்டு அறிவிக்காமல், இருவரிடமும் தனித்தனியே கேளுங்கள், ஏனெனில் பாட்டிக்கும் தனிமை தேவை. அது சரிப்படாவிட்டால் அறையின் குறுக்கே திரைச்சீலை போடலாம். திரை கூரைவரை போகாமல் ஓரடி இடைவெளி விட்டால்தான் காற்றாடியின் காற்று இருபுறமும் செல்லும். அலமாரியை நடுவில் நிறுத்தித் தடுப்பாக்காதீர்கள். இழுப்பறையைத் திறந்து பிள்ளை அதில் கால் வைத்தால் அலமாரி அப்படியே சாயும். அதன் இடம் சுவரோரம், சுவரோடு திருகாணி போட்டு இறுக்கிய நிலையில். வாடகை வீடென்றால் துளையிடுமுன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருவருக்கும் பூட்டுள்ள ஆளுக்கோர் இழுப்பறை கொடுங்கள்.

இடம் மிச்சமாகுமே என்று இரண்டடுக்குக் கட்டில் வாங்க நினைக்கிறோம். கூரைக் காற்றாடி இருக்கிறது.
– ஒரு தாயார், கெப்போங்

வாங்காதீர்கள். படுக்கையறைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரம் 2.5 மீட்டர். மேல் மெத்தை தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். பத்து வயதுப் பிள்ளை அதில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை காற்றாடி இறக்கையின் மட்டத்துக்கு வந்துவிடும். ஒரு கட்டிலின் அடியிலிருந்து வெளியே இழுத்துக்கொள்ளும் இரண்டாவது கட்டில் இதே இடத்தில் அடங்கும்.

ஜார்ஜ்டவுனில் தாத்தா காலத்துக் கடைவீடு. கீழ்த்தளப் பின்னறையைப் பன்னிரண்டு வயது மகனுக்காகச் சாயம் பூசிக் கொடுத்தோம். ஆறு மாதத்தில் இடுப்பளவு உயரம்வரை சாயம் கொப்பளித்து உரிகிறது. ஒட்டிய படங்களும் நிற்பதில்லை.
– ஒரு தாயார், பினாங்கு

பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டது. அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படலம் இல்லாததால் நிலத்தின் ஈரம் சுவர் வழியே மேலேறும், சுண்ணாம்பின் வழியே காற்றில் ஆவியாகும். இப்படித்தான் அந்தச் சுவர் மூச்சு விடுகிறது. நீங்கள் பூசிய பிளாஸ்டிக் கலந்த சாயம் அந்த வழியை அடைத்ததால், ஈரம் சாயத்தைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. சாயக்காரர்மீது தவறில்லை, பூசிய பொருள்தான் இந்தச் சுவருக்கு ஒவ்வாதது. உரிந்ததை முழுவதும் சுரண்டி, சிமெண்டைத் தொடாமல் சுண்ணாம்புக் காரையாலேயே ஒட்டுப்போட்டு, நிறம் கலந்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சுகளாகப் பல தடவை அடியுங்கள். லீத் தெருவில் உள்ள சியோங் பாட் ஸீ மாளிகையின் ஆழ்ந்த நீலமும் சுண்ணாம்பில் அவுரி கலந்து வந்ததுதான். மகனை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்று காட்டினால், சுண்ணாம்பென்றால் வெள்ளை மட்டுமே என்ற எண்ணம் போய்விடும். படங்களைச் சுவரில் ஒட்டாமல், மேலே ஒரு மரச்சட்டம் அடித்து அதிலிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள்; கட்டிலும் அலமாரியும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள பகுதிக்குள் வீடு இருந்தால், வேலை தொடங்குமுன் மாநகர் மன்றத்திடம் கேட்பது நல்லது.

பேத்தி வடக்கே தலைவைத்துப் படுக்கிறாள், எந்நேரமும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மருமகள் கண்டுகொள்வதில்லை.
– ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம்

அம்மா, தலையணையைக் கட்டிலின் மறுமுனைக்கு மாற்றினாலே முதல் கவலை தீரும். அன்பாகச் சொன்னால் கேட்பாள். கதவு விஷயத்தில் அவள் பக்கம் பேசுகிறேன். இந்த வயதில் கதவைச் சாத்துவது உங்களை ஒதுக்குவதற்காக அல்ல. தட்டுங்கள், அவள் குரல் கொடுத்த பிறகு உள்ளே செல்லுங்கள். கைப்பேசியை மட்டும் இரவில் கூடத்தில் மின்னேற்ற வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். உங்கள் கைப்பேசியும் அதன் பக்கத்தில் இருந்தால் மறுபேச்சில்லாமல் வைத்துவிடுவாள்.